இன்ஜினா, கியரா? ஏற்காடு ஏறும் பழைய பிக்கப்புக்கு ஒரு கணக்கு

மாமாவிடம் 1995 மாடல் மஹிந்திரா பிக்கப் ஒன்று இருக்கிறது. பீஜோ 4.90 டீசல் இன்ஜின், நாலு ஸ்பீடு கியர்பாக்ஸ், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காப்பி, மிளகு. மேலே போகும்போது எரு மூட்டையும் மளிகையும், கீழே வரும்போது காப்பி மூட்டை. இருபது கொண்டை ஊசி வளைவையும் அந்த வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஏறும் என்பார். போன வருஷத்திலிருந்து அது கண்ணை மூடவில்லை, மூச்சைத்தான் பிடிக்கிறது. பத்தாவது வளைவு தாண்டினால் கரும்புகை, ஆயில் டிப்ஸ்டிக் வழியாகக் கக்கல், டிசம்பர் காலையில் ஸ்டார்ட் ஆக அரை பேட்டரி.

சேலத்தில் என் லேத் பட்டறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், "டிஐ போட்டுடலாம்னு இருக்கறேன் மாப்ள. அஞ்சு ஸ்பீடு பாக்ஸோட ஒண்ணு இருக்குதாம். நீ பிளேட் மட்டும் போட்டுக் குடு" என்றார். டிஐ என்றால் மஹிந்திராவின் நேரடி இன்ஜெக்‌ஷன் டீசல் இன்ஜின். முடிவெடுத்துவிட்டுத்தான் ஆலோசனை கேட்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இப்படி வருஷத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். இன்ஜின் மாற்றும் வேலையில் நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர் பிளேட் கடைவதும், ஃபிளைவீல் முகம் எடுப்பதும், ஜாயின்ட் ஷாஃப்டை வெட்டிச் சேர்ப்பதும்தான் என் பங்கு. ஆனால் எந்த மாற்றம் நிற்கிறது, எது மூன்று மாதத்தில் கழன்று திரும்ப வருகிறது என்பது லேத்துக்காரனுக்குத்தான் முதலில் தெரியும். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: இன்ஜின் மாற்ற வேண்டும் என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது வேறு கியர்.

மாமாவிடம் இதைச் சொன்னால் நம்பவில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்காடு ஏறத்தாழ 1500. ஆக, இருபது கிலோமீட்டர் சொச்ச மலைப் பாதையில் 1200 மீட்டர் ஏறுகிறோம். சராசரியாக நூற்றுக்கு ஆறு. வண்டி ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, சுமை ஒரு டன், மொத்தம் 2.4 டன் என்று வைப்போம். இந்த எடையை நூற்றுக்கு ஆறு ஏற்றத்தில் 30 கி.மீ. வேகத்தில் இழுக்கச் சக்கரத்தில் வேண்டியது சுமார் 20 குதிரைசக்தி. பீஜோ 4.90 நல்ல நிலையில் இருந்தால் 60 சொச்சம் கொடுக்கும். அதாவது சராசரி ஏற்றத்துக்கு அது தாராளம்.

சிக்கல் சராசரியில் இல்லை, வளைவில் இருக்கிறது. கொண்டை ஊசியின் உள்பக்கம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வையுங்கள். எதிரே பஸ் வந்து நீங்கள் வேகத்தை இழந்துவிட்டீர்கள். அந்த இடத்தில் வண்டியை இழுக்கச் சக்கர அச்சில் ஏறக்குறைய 1160 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டாவது கியர் 2.4, பின் அச்சின் நடுவில் உள்ள ஹவுசிங்கில் கிரவுன் பினியன் 39 பல்லுக்கு 8, அதாவது 4.88. இரண்டையும் பெருக்கினால் 11.7. வழியில் தேயும் பத்து சதவீதத்தையும் கழித்தால், இன்ஜின் 110 நியூட்டன் மீட்டர் கொடுத்தால்தான் இரண்டாவது கியரில் வளைவு திரும்பும். 4.90 கொடுப்பது, புதிதாக இருந்தபோதே, சுமார் 120. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சேலத்தைவிட ஏற்காட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவு முறுக்கையும் இழக்கும். 107. வேண்டியது 110.

இந்த மூன்று நியூட்டன் மீட்டருக்காகத்தான் மாமா முப்பது வருஷமாக மேல் வளைவுகளில் ஒன்றாவது கியருக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார். இப்போது பிஸ்டன் ஓடும் உறையான லைனர் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விட்டதால் கீழ் வளைவுகளிலும் இறக்குகிறார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

சரி, இனி கையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

டிஐ இன்ஜினை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். 2523 சிசி; போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ. இந்த எண்களை அங்குலத்தில் படித்தால் மூன்றரைக்கு நாலு. அந்த நாலு அங்குல ஸ்ட்ரோக் இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சம். பழைய ஜீப்பில் வந்த 2350 டீசலுக்கும் அதே ஸ்ட்ரோக்தான். வயலில் உழுத ரத்தம் என்பதால் குணமும் அப்படி. கீழ் சுற்றிலேயே இழுக்கும், 3200 சுற்றுக்கு மேல் கேட்காது. டர்போ வைத்தது என்றால் 1500 சுற்றிலேயே 180 நியூட்டன் மீட்டர் வாக்கில் கொடுக்கும். மேலே போட்ட கணக்கில் 120-க்குப் பதில் 180 என்று வையுங்கள். எந்த வளைவிலும் இரண்டாவது கியர் போதும். டர்போ இருப்பதால் மேலே மெலிந்த காற்றும் அவ்வளவாக உறைக்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் குளிர் காலையில் ஹீட்டர் பிளக்கை நம்பி நிற்க வேண்டியதில்லை. ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. மாமா ஆசைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த 3200-ஐ மறந்துவிடுகிறார்கள். பழைய நாலு ஸ்பீடு பாக்ஸையும் 4.88 ஹவுசிங்கையும் வைத்துக்கொண்டு டிஐ போட்டால், 3200 சுற்றில் வண்டி 90 கி.மீ. போகும். அது இன்ஜின் கதறும் வேகம். நிம்மதியாக ஓட்டும் 2200 சுற்றில் 62. மலையில் ராஜாவாக இருக்கும் வண்டி, பெங்களூரு ரோட்டில் தொப்பூர்ப் பக்கம் போனால் லாரிக்கு வழிவிட்டு ஓரம் போகும். அதனால்தான் டிஐயோடு ஐந்து ஸ்பீடு பாக்ஸும் சேர்ந்தே வர வேண்டும். ஐந்தாவது கியர் 0.8 வாக்கில் இருந்தால் அதே 2200 சுற்றில் 78 கிடைக்கும்.

இன்ஜினும் பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து கழற்றியதாக, பெல் ஹவுசிங், ஃபிளைவீல், கிளச், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்ந்து வந்தால் என் வேலை மிச்சம். அப்படி வராமல் ஓரிடத்தில் இன்ஜின், வேறிடத்தில் பாக்ஸ் என்று வாங்கி வந்தால்தான் அடாப்டர் பிளேட். இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்குகிறேன், இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

பிளேட் என்பது தடித்த இரும்புத் தகட்டில் இரண்டு வட்டமாக ஓட்டை போடுவது இல்லை. கிராங்க் ஷாஃப்டின் மையமும் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். போல்ட் அந்த வேலையைச் செய்யாது. போல்ட் ஓட்டைக்குள் எப்போதும் கொஞ்சம் விளையாட்டு இருக்கும். மையத்தைப் பிடிப்பது டவல் பின், ஓட்டையில் துளியும் ஆடாமல் இறுகி நிற்கும் ஆணி. ஃபிளைவீலில் டயல் கேஜின் காந்த அடியை ஒட்டி, முள்ளைப் பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையின் விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முள் 0.1 மி.மீ.க்குள் ஆடினால் நான் கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் ஆடினால் பிளேட்டைத் தட்டி நகர்த்தி, மறுபடி பார்த்து, கடைசியில் டவல் ஓட்டை போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு முழு நாள் போகும்.

சில வருஷம் முன்பு ஒரு ஜீப்புக்கு நானே இதை அவசரத்தில் விட்டேன். சாயங்காலம் வண்டி வேண்டும் என்று ஆள் தலைமேல் நின்றார். போல்ட்டை இறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று மாதத்தில் கிளச் மிதித்தால் ஒரு முனகல், கியர் இரண்டாவதிலிருந்து தானே துள்ளி வெளியே வருகிறது என்று வந்தார். கழற்றிப் பார்த்தால் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் பொடி, இன்புட் ஷாஃப்ட் பேரிங் நீலம் பாய்ந்து கிடந்தது. கேஜ் வைத்தேன், முள் 0.4 மி.மீ. ஆடியது. என் தப்பு, செலவு என்னுடையது. அதிலிருந்து டயல் கேஜ் வைக்க நேரம் இல்லை என்பவரிடம் பிளேட் வேலை எடுப்பதில்லை.

பிளேட்டோடு முடிவதும் இல்லை. டிஐ இன்ஜின் வார்ப்பிரும்பு மொத்தை. பீஜோவுக்கு ஹெட் அலுமினியம், ஆள் ஒல்லி. முன் பட்டை தணிந்துவிடும், ஒரு இலை சேர்க்க வேண்டிவரும். இன்ஜினின் அடி ஆயில் தொட்டியான சம்ப் முன் ஆக்சிலிலோ குறுக்குச் சட்டத்திலோ முட்டுகிறதா என்று பட்டை முழுக்க அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். பட்டறையில் நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருக்கும், பள்ளத்தில் விழும்போது இருக்காது. ரேடியேட்டர் மாறும், சைலன்ஸர் வரும் பக்கம் மாறும், கிளச் இணைப்பு மாறும், மவுண்ட் நாலும் புதிதாக வெல்டிங். கூட்டிப் பார்த்தால் இன்ஜின் வாங்கிய காசு சின்னதாகவும் சில்லறைச் செலவு பெரியதாகவும் நிற்கும். சொந்த இன்ஜினை முழுசாக வேலை பார்ப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கோட்டை விடுவது ஆல்டர்னேட்டர். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போல வாக்குவம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், தானாகக் கிடைக்காது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவத்தை ஆல்டர்னேட்டரின் முதுகில் உள்ள சின்ன பம்ப்தான் உண்டாக்குகிறது. அதற்கு இன்ஜினிலிருந்து ஆயில் போக ஒரு குழாய், திரும்ப ஒரு குழாய். இன்ஜின் மாற்றும்போது கையில் கிடைத்த வெற்று ஆல்டர்னேட்டரைப் பூட்டிவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆகும், லைட் எரியும், சேலத்துச் சமதளத்தில் பிரேக்கும் பிடிப்பதுபோலத்தான் தெரியும். ஒரு டன் காப்பியோடு அடிவாரம் நோக்கி இறங்கும்போதுதான் பெடல் கல்லாக இருப்பது தெரியும். வண்டியை எடுக்கும் முன் இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக வைத்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மலைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது பெரிய பீஜோ. எக்ஸ்டி3பி, 2498 சிசி, 70 குதிரைசக்திக்கு மேல். பழைய ஆர்மடா கிராண்டிலும் முதல் பொலிரோக்களிலும் வந்தது. 4.90-க்கு அண்ணன் முறை என்பதால் அதே குணம், அதே அடக்கமான சத்தம். மாற்றும் வேலையும் குறைவு. காகிதத்தில் இதுதான் அழகான வழி. ஆனால் நல்ல எக்ஸ்டி3பி இப்போது எங்கே இருக்கிறது? கழற்றிப்போட்ட வண்டியிலிருந்து வருவதெல்லாம் ஒரு தடவையாவது சூடேறி ஹெட் வளைந்தவை. வாங்கிய கையோடு அதற்கும் முழு வேலை பார்க்க வேண்டும். முழு வேலை பார்ப்பதாக இருந்தால் சொந்த இன்ஜினுக்கே பார்க்கலாமே என்று நான் கேட்டேன். மாமா தலையை ஆட்டினார், சம்மதம் என்று அர்த்தம் இல்லை.

ஸ்கார்பியோ எம்ஹாக் போடலாம் என்று ஒரு பையன் யோசனை சொன்னானாம். 2179 சிசி, 120 குதிரைசக்தி, 290 நியூட்டன் மீட்டர். 120 நியூட்டன் மீட்டருக்குச் செய்த ஹவுசிங்கில் இரண்டரை மடங்கு முறுக்கைக் கொண்டுபோய் விட்டால் முதலில் முறிவது கிரவுனா ஆக்சிலா என்பதில் மட்டும்தான் சந்தேகம். காமன்ரெயில் என்றால் கம்ப்யூட்டர், அதன் வயரிங், சாவி அடையாளம் கேட்கும் பூட்டு, இன்டர்கூலர், பெடல் சென்சார் எல்லாம் கூடவே வரும். ஏதாவது ஒரு சென்சார் மழையில் நனைந்தால் நாகலூரில் யார் ஸ்கேனரோடு வருவார்? டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு 120 குதிரைசக்தி எதற்கு? இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

வண்டியை விற்றுவிட்டு ஏழெட்டு வருஷப் பழைய பிக்கப் ஒன்று வாங்குவதும் ஒரு வழி. மனசு சம்பந்தப்படாதவர்களுக்கு அதுவே சரியான வழி என்பேன். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பழைய வண்டியைவிட எவ்வளவோ மேல். மாமாவிடம் அதைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டார். அத்தை பிரசவத்துக்கு இறங்கியது அந்த வண்டியில். பேச்சை மாற்றிவிட்டேன்.

இனி காகிதம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஆனால் எழுதினால் யாரும் மேலே படிக்க மாட்டார்கள்.

1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்சியில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, சிசி இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது. 4.90-இன் 2112 சிசி என்று எழுதிய இடத்தில் டிஐயின் 2523 ஓடினால் அது மாறுபாடுதான், இரண்டும் ஒரே கம்பெனி என்று சொல்லித் தப்ப முடியாது. அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை வைப்பது வேறு விஷயம். அதை முறைப்படி ஆர்டிஓவிடம் தெரிவித்துப் புது நம்பரை ஏற்றிக்கொள்ள வழி உண்டு.

"எத்தனை பேரு போட்டுக்கிட்டு ஓட்டறாங்க, யாரு கேக்கறாங்க?" என்றார் மாமா. ஓட்டுகிறார்கள்தான். ஆனால் இது சரக்கு வண்டி, எட்டு வருஷம் தாண்டியது, வருஷா வருஷம் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போயாக வேண்டும். ஆய்வாளர் பானெட்டைத் திறந்து நம்பரைப் பார்ப்பார். அதைவிடப் பெரியது இன்ஷூரன்ஸ். மலைப் பாதையில் ஏதாவது ஆகி எதிர்த்தரப்புக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தால், கம்பெனி ஆள் முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டையைத்தான். நான் "மாமா, காப்பித் தோட்டத்தை எழுதி வெச்சிட்டுத்தான் டிஐ போடணும்ங்க" என்றேன். சிரிக்கவில்லை.

எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடும் வண்டி, ரோட்டுக்கே வராது என்றால் என் பதில் வேறு. அப்போது டிஐதான், யோசிக்கவே வேண்டாம்.

மாமா வண்டி சேலத்து லீ பஜார் வரை வருகிறது. ஆகவே மிஞ்சியது சொந்த இன்ஜின். அதன் பிளாக்கில் கொத்திய நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகிறது, அந்த ஒன்றுக்காகவே அதைக் காப்பாற்றலாம். 4.90-இல் லைனர் தண்ணீரில் நிற்கும் வகை. போர் போட வேண்டியதில்லை. பழைய லைனரைத் தட்டி எடுத்துவிட்டுப் புது லைனர், பிஸ்டன், ரிங் செட்டாக இறக்கலாம். கிராங்கை அளந்து பார்த்து வேண்டுமானால் கிரைண்டிங். ஹெட்டைக் கண்ணாடி மேல் வைத்து வளைவு பார்த்து முகம் எடுத்தல். நாசிலும் பம்ப்பும் பெஞ்சில் போட்டுச் சரிபார்த்தல், ஹீட்டர் பிளக் நாலும் புதிது. லைனர் உதட்டின் உயரத்தை மட்டும் மெக்கானிக் டயல் கேஜில் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அது பிளாக் முகத்தைவிட ஒரு நூலிழை உயர்ந்து நிற்க வேண்டும், நாலும் ஒரே அளவில். தாழ்ந்திருந்தால் கேஸ்கெட் பிடிக்காது, ரேடியேட்டரில் குமிழி வரும்.

ஆனால் இன்ஜினைப் புதிதாக்கினாலும் அந்த 107-க்கும் 110-க்கும் இடையிலான வழக்கு தீரவில்லையே? சேலம் பக்கம் வந்து வேகம் எடுத்தால் காது வலிக்கும் என்பதும் அப்படியே இருக்கிறதே? இங்கேதான் கியர்.

பீஜோ இன்ஜினுக்கென்றே பிறந்த ஐந்து ஸ்பீடு பாக்ஸ் பிஏ10. பெல் ஹவுசிங்கோடு வாங்கினால் 4.90-இன் முதுகில் துளைக்குத் துளை உட்காரும், அடாப்டர் பிளேட் வேண்டாம். எனக்கு வருமானம் இல்லாத வழியைச் சொல்கிறேன் பாருங்கள். மாமாவும் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். இருங்கள் என்று சொல்லி, கொண்டுவந்த பாக்ஸை மேஜை மேல் படுக்க வைத்தேன். இன்புட் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, பின் ஃபிளாஞ்சில் ஒரு கோடு. கியர் போட்டு, பின்பக்கம் பத்துச் சுற்று சுற்றும்போது முன்பக்கம் எத்தனை சுற்று என்று அவரையே எண்ண வைத்தேன். ஒன்றாவது 3.6. இரண்டாவது 2.1. ஐந்தாவது 0.8 சொச்சம். பழைய பாக்ஸில் ஒன்றாவது 4, இரண்டாவது 2.4.

அதாவது ஐந்து ஸ்பீடு பாக்ஸை மட்டும் போட்டால் மேல் கியர் நன்றாகும், கீழ் கியர் கெடும். இரண்டாவது கியரில் வளைவு ஏற 126 நியூட்டன் மீட்டர் வேண்டியிருக்கும், இன்ஜினிடம் அது எந்த உயரத்திலும் கிடையாது. ரோட்டில் சந்தோஷம், மலையில் கிளச் நாற்றம். ஐந்து ஸ்பீடு போட்ட பிறகு வண்டி மந்தமாகிவிட்டது என்று சொல்பவர்கள் எல்லாரும் மாட்டுவது இங்கேதான்.

இதற்கு மருந்து பின் ஹவுசிங்கில் இருக்கிறது. பழைய ஜீப்களில் வந்த கிரவுன் பினியன் 43-க்கு 8, அதாவது 5.38. அந்த செட் நம் ஹவுசிங்கில் உட்காருமானால் கணக்கு அழகாக மூடுகிறது. ஒன்றாவது கியர்: பழசில் 4 பெருக்கல் 4.88 என்றால் 19.5, புதுசில் 3.6 பெருக்கல் 5.38, 19.4. அச்சு அசல். இரண்டாவது கியர் பழைய 11.7-க்குப் பதில் 11.3, ஒரு துளி குறைவு, அவ்வளவுதான். மேலே ஐந்தாவது கியரில் 4.88-க்குப் பதில் 4.4. 70 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 2480 சுற்றிலிருந்து 2240-க்கு இறங்குகிறது. நடுவில் ஒரு கியர் கூடுதலாக இருப்பதால் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே தவிக்கிற தவிப்பும் குறையும்.

டிஐ கொடுக்கும் சுகம் இதில் முழுசாக வராது, ஒத்துக்கொள்கிறேன். கடைசி நாலைந்து வளைவில் சுமையோடு ஒன்றாவது கியர்தான். ஆனால் ஆர்சியில் கியர்பாக்ஸ் பற்றி ஒரு வரி கிடையாது, கிரவுன் பினியன் பற்றியும் கிடையாது. இருந்தாலும் எஃப்சிக்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஹவுசிங்கில் என்ன பல் இருக்கிறது என்று தெரியாவிட்டால் திறக்க வேண்டியதில்லை. பின் சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, டயரில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஒரே பக்கம் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 49 சுற்றுக்கு ஒட்டி வந்தால் 4.88, 54-க்கு ஒட்டி வந்தால் 5.38. முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறக்காதீர்கள்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று. டீசலில் காற்றை அடைக்கும் தட்டு இல்லாததால் இன்ஜின் பிடிமானம் பெட்ரோலைவிடக் குறைவு. அதனால் இறங்கும்போது ஏறிய கியருக்கு மேலே போகக் கூடாது. பீஜோ 4500 சுற்று வரை தாங்கும், டிஐ 3200-இல் நின்றுவிடும். ஒரே பல் விகிதத்தில் டிஐக்குக் கொஞ்சம் முன்னதாகவே பிரேக்கைத் தொட வேண்டிவரும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற ஆட்கள் குப்பனூர் ரோட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிக்கு எந்த இன்ஜின் போட்டாலும் ஒன்றுதான்.

வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று. ஐந்து ஸ்பீடு பாக்ஸின் நீளம் வேறு என்பதால் ஷாஃப்டை வெட்டி, குழாயை நேர் பார்த்துப் பற்றவைத்து, பேலன்ஸ் போட்டுக் கொடுத்தேன். பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தினோம். பல் மாறியதால் ஸ்பீடோமீட்டர் பத்துக்கு ஒன்று கூடுதலாகக் காட்டியது, அதற்கு ஒரு சின்ன பல்சக்கரம் தேடி நாலு நாள் அலைந்தேன். முதல் சுமைக்கு நானும் கூடப் போனேன். பதினாறாவது வளைவு வரை மாமா இரண்டாவதிலேயே ஏற்றினார். பதினேழில் பழக்கதோஷத்தில் கை ஒன்றாவதுக்குப் போனது. புதுப் பாக்ஸில் ஒன்றாவது வேறு இடத்தில் இருந்ததால் ஒரு விநாடி தடுமாறி என்னைப் பார்த்தார்.

கழற்றிய நாலு ஸ்பீடு பாக்ஸ் என் பட்டறை மூலையில் சாக்குப் பையால் மூடி இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகவும் மாட்டேன் என்கிறார், எடைக்குப் போடவும் விட மாட்டேன் என்கிறார்.